களப்பயிற்சியை வெட்டிவிட்டு டைல்ஸ் வேலை கற்றுத்தர முடியாது: பயிற்சித் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலை இழந்த தொழிலாளர்களுக்கான திறன் பயிற்சித் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், டைல்ஸ் பயிற்சி மையங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும்,

நான் படித்த பயிற்சி மையத்தில் அடுத்த பேட்ச்சிலிருந்து டைல்ஸ் கோர்ஸில் களப்பயிற்சி கிடையாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சைட்டுக்கு அழைத்துப்போக வண்டிச் செலவு, காப்பீடு, அங்கே சொல்லித்தரும் மேஸ்திரிக்குக் கூலி என்று ஆகிறதாம். அதை எடுத்துவிட்டால் அதே காலத்தில் இன்னும் ஒரு பேட்ச்சை முடித்துவிடலாமாம். என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தம்பி ஒருவர் போன வாரம் அங்கே சேரப் போனபோது இந்தப் புதிய அட்டவணையைத்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, இதுல சேரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அவருக்கு மட்டும் சொன்னால் போதாது, இதை முடிவு செய்கிற உங்களிடம் சொல்ல வேண்டும். மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அந்த ஒரு மையத்தைத் திருத்தினால் தீர்ந்துவிடுகிற விஷயமில்லை இது. அப்படி வெட்டுவதற்கு இடம் கொடுக்கிற விதிகள் உங்களுடையவை.

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஆர்டர் குறைந்தது, ஷிப்ட் குறைந்தது, அப்புறம் ஆட்களைக் குறைத்தார்கள். இந்தப் பகுதிக்கு இது புதிதில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நின்றது, 2022-இல் மறைமலைநகரில் ஃபோர்டு உற்பத்தி நின்றது, இவை செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வந்தன. அவற்றைச் சுற்றியும் அவற்றுக்கு அப்பாலும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் இருபது பேர், முப்பது பேர் என்று வெளியே அனுப்பப்பட்டது எந்தப் பக்கத்திலும் வரவில்லை. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வீட்டுக்கடன் இருக்கும், பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும். ஒவ்வொரு முழு வருட வேலைக்கும் 15 நாள் சம்பளம் என்பது ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் இழப்பீடு. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் கையில் அது ஆறு மாதச் சம்பளமாக வரும். அந்தப் பணம் தீர்வதற்குள் அவர் வேறொரு தொழிலில் கால் ஊன்ற வேண்டும். அந்த ஆறு மாதத்தில் எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் குடும்பமே நிற்கிறது. உங்கள் மேஜையில் அது ஒரு பேட்ச் எண்ணாக இருக்கிறது, அங்கிருந்து இது தெரியாது என்பதால் சொல்கிறேன்.

டைல்ஸ் வேலையை நிறையப் பேர் யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும், இந்தப் பக்கம் படப்பை, ஒரகடம் வரைக்கும் அடுக்குமாடி எழும்பாத ஊர் இல்லை. வீடு சின்னதோ பெரியதோ, தரைக்கும் குளியலறைச் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டாமல் யாரும் குடிபோவதில்லை. பத்து வருடம் மைக்ரோமீட்டரும் கேஜும் பிடித்த கைக்கு அளவும் மட்டமும் அந்நியமில்லை. நாற்பது வயதில் பழைய முதலாளியைப் போல இன்னொரு முதலாளியைத் தேடி அலையாமல், கொஞ்சம் கருவியும் ஒரு வண்டியும் இருந்தால் சொந்தமாக நிற்கலாம். இதெல்லாம் சரியான கணக்குதான், நான் இன்றைக்கும் அதில் மாறவில்லை. எந்த இடத்தில் கற்றுக்கொள்வது என்று முடிவெடுக்கத் தேவையான தகவல்தான் எங்கேயும் கிடைக்கவில்லை.

கோர்ஸில் சேரப் போகிறவனிடம் எல்லா மையங்களும் சொல்வது ஒரே மாதிரி இருக்கிறது: எத்தனை நாள், எத்தனை மணி நேரம், யார் பேரில் சான்றிதழ், வேலை வாங்கித்தருவோம். கட்டணம் வாங்கும் தனியார் மையங்கள் ஆட்குறைப்பு நடக்கிற தொழிற்சாலை வாசலுக்கே வந்து நோட்டீஸ் கொடுக்கின்றன, இழப்பீட்டுப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இலவச மையங்களில் காசு வாங்குவதில்லை, ஆனால் எங்கள் நாட்களை வாங்குகிறார்கள். இரண்டு இடத்திலும் நான் கேட்ட கேள்விகள் இவைதாம்: கோர்ஸ் முடிவதற்குள் என் கையால் எத்தனை சதுர அடி டைல்ஸ் ஒட்டியிருப்பேன்? சிமெண்ட் கலவையிலா, பசையிலா, வெறும் மணலிலா? ஒரு கட்டருக்கு எத்தனை பேர்? சொல்லித்தருபவர் கடைசியாகச் சைட்டில் எப்போது வேலை செய்தார்? பதில் எழுத்தில் ஒரு இடத்திலும் கிடைக்கவில்லை. "அதெல்லாம் சிலபஸ்படி இருக்கும் சார்" என்பதுதான் பதில்.

வகுப்பறைப் பகுதி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரு கூடத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு எழுப்பிய சின்னத் தடுப்புச் சுவர்கள், நடுவில் மணல் பரப்பிய ஒரு திட்டு. அதில்தான் ஒட்டுவோம், ஒட்டிவிட்டுப் பெயர்த்துக் கழுவி அடுக்குவோம், அடுத்த நாள் அதே டைல்களை மறுபடி வைப்போம். திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்காகச் சிமெண்ட் பெயரளவுக்குத்தான் கலப்பார்கள், சில நாள் அதுவும் இல்லை. பயிற்றுநர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்வார், ஆனால் ஒரு வட்டத்துக்கு நடுவில் அவர் ஒருவர் கட்டர் பிடித்துக் காட்டினால் பின்வரிசைக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மீதி நேரம் திரையில் படங்கள், பாதுகாப்பு விதிகள், வாடிக்கையாளரிடம் பேசும் முறை. கடைசியில் நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, ஒரு சின்னத் திட்டில் செய்துகாட்டல். இதை மட்டும் முடித்தவரை எந்த மேஸ்திரியும் டைல்ஸ் ஆளாக எடுத்துக்கொள்ள மாட்டார், சாமான் தூக்கத்தான் கூப்பிடுவார். அதில் மேஸ்திரியைக் குறை சொல்லவும் முடியாது.

ஏனென்றால் சைட் வேறு மாதிரி இருக்கிறது. வரைபடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு என்று நேராக இருக்கும் அறை, போய் அளந்தால் ஒரு பக்கச் சுவர் எதிர்ச்சுவரைவிட முக்கால் அங்குலம் நீளமாக இருக்கும். மூலைமட்டம் வைத்தால் எந்த மூலையும் உட்காராது. மூலை செங்கோணமா என்று பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து கணக்கில் நூல் பிடித்து, எந்தச் சுவரை நம்புவது, எதை விட்டுவிடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு முழு டைல் தெரிய வேண்டும், வெட்டுத் துண்டெல்லாம் கதவுக்குப் பின்னாலோ கட்டில் ஓரத்துக்கோ போக வேண்டும். கூடத்துத் தரை மட்டத்தை நிலைவாசலிலிருந்து எடுத்து எல்லா அறைக்கும் கொண்டுபோய்ப் புள்ளி வைத்து, பால்கனிக்கு அரை அங்குலம் இறக்கி, குளியலறைக்கு இன்னும் இறக்கி, அங்கே தண்ணீர் போகும் ஜாலியை நோக்கி எட்டடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் விட வேண்டும். வாட்டம் விட்டால் டைலின் ஓரங்கள் ஒன்றுக்கொன்று தூக்கிக்கொள்ளும், அதை ஜாலியைச் சுற்றி எப்படிக் குறுக்காக வெட்டிச் சமாளிப்பது என்பதைச் சமதளமான மணல் திட்டில் எந்தப் பயிற்றுநராலும் சொல்லித்தர முடியாது. வாட்டம் தவறிய குளியலறையில் மூலையில் தண்ணீர் தேங்கும், அது கசிந்து கீழ்வீட்டுக் கூரைக்கு வரும்போதுதான் எல்லோருக்கும் தெரியவரும். ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையே நான் சைட்டில்தான் கண்ணால் பார்த்தேன்.

பொருளும் அப்படித்தான். குளியலறைச் சுவருக்குப் போடுகிற சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைக் குடிக்கும், அதனால் அதை ஊறவைத்துச் சிமெண்டில் ஒட்டுவார்கள். தரைக்குப் போகும் விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூடக் குடிக்காது, அதை ஊறவைத்துப் பயனில்லை, வெறும் சிமெண்ட் பாலை நம்பி அதைச் சுவரில் ஏற்றினால் சில வருடத்தில் கழன்று விழும். அதற்குத்தான் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தரநிலையில் வகை வகையாகப் பசை வருகிறது. எந்த டைலுக்கு, எந்த இடத்துக்கு எந்த வகை என்று மூட்டையிலேயே போட்டிருக்கும். டைலின் பின்பக்கத்து வெள்ளைப் பொடியைத் துடைக்க வேண்டும், பல் கரண்டியால் ஒரே திசையில் இழுக்க வேண்டும், கலக்கி இறுகத் தொடங்கிய பசையில் மறுபடி தண்ணீர் ஊற்றவே கூடாது. நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கிவிட்டுப் போவது இன்றைக்கும் நடக்கிறது. கரண்டிப் பிடியால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும், அந்த வெற்றிடத்தின் மேல் கனமான பொருள் ஒன்று விழுந்தால் டைல் உடையும். இப்போது எல்லா வீட்டிலும் கேட்கிற நான்குக்கு இரண்டு அடி டைல் ஒன்றே 14, 15 கிலோ இருக்கும். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஏற்ற வேண்டும். வகுப்பில் ஒரு பசை மூட்டையைக்கூடப் பிரித்து நான் பார்க்கவில்லை. எங்களிடம் இருந்தவை சிறிய பழைய டைல்கள்.

இவ்வளவையும் எனக்குச் சொல்லித்தந்தது கோர்ஸின் கடைசிப் பகுதியில் எங்களை அனுப்பிய சைட்டில் இருந்த மேஸ்திரி. ராஜஸ்தான்காரர், பதினாறு பதினேழு வயதில் வேலைக்கு வந்தவர், தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். முதலில் எங்களை நம்பவில்லை, மூட்டை தூக்கவிட்டார், கலவை கலக்கவிட்டார். அப்புறம் ஒரு படுக்கையறையின் மூலையைக் கொடுத்து, "பைசா வேஸ்ட் ஆனா என் பைசா, நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தார். ஒட்டியதை ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெயர்க்கச் சொல்லி, மறுபடி ஒட்டச் சொன்னார். முழங்கால் வலி, இடுப்பு வலி, சிமெண்டில் விரல் நுனி வெடிப்பு எல்லாம் அங்கேதான் தெரிந்தது, இந்த வேலை என் உடம்புக்கு ஆகுமா என்பதும் அங்கேதான் தெரிந்தது. எங்களோடு வந்த ஒருவர் முதுகுவலியால் தனக்கு இது சரிவராது என்று அந்தச் சைட்டிலேயே புரிந்துகொண்டு எலக்ட்ரிகல் பக்கம் போய்விட்டார். கையில் பணம் மிச்சம் இருக்கும்போதே அவருக்கு அது தெரிந்ததும் பயிற்சியின் பலன்தான். இப்போது எனக்கு மாதத்தில் பாதிக்கு மேல் வேலை கிடைக்கிறது என்றால் அந்த மேஸ்திரி என்னைத் தன் அடுத்த சைட்டுக்கு அழைத்துக்கொண்டதால்தான். சான்றிதழை இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் வெட்டியிருப்பது இந்தப் பகுதியைத்தான்.

ஏன் இது வெட்டப்படுகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. அரசுத் திட்டங்களில் மையத்துக்குப் பணம் போவது பயிற்சி மணிக்கணக்கில். விரல்ரேகை வைத்து உட்கார்ந்த மணிநேரம் பதிவாகிறது, ஒட்டிய சதுர அடி எங்கேயும் பதிவாவதில்லை. கூடத்தில் உட்கார்ந்தாலும் சைட்டில் முழங்கால் போட்டாலும் மணி ஒன்றுதான் என்னும்போது, செலவு குறைந்த மணியைத்தான் மையம் தேர்ந்தெடுக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனுக்குப் பக்கத்திலும் ஒரு பலகை தொங்கும். அதில் ஒவ்வொரு ஆபரேட்டர் பேருக்கும் எதிரே வட்டங்கள்: கால் வட்டம் நிரம்பியிருந்தால் பார்த்துக்கொண்டிருக்கிறார், அரை என்றால் மேற்பார்வையில் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழுசு என்றால் பிறருக்குச் சொல்லித்தருவார். ஓர் ஆளை எந்த மெஷினில் நிறுத்தலாம் என்பதை அந்தப் பலகையை வைத்துத்தான் முடிவு செய்வோம், அவர் எத்தனை மணிநேரம் வகுப்பில் இருந்தார் என்பதை வைத்து முடிவு செய்ததே இல்லை. கார் கதவுக்குள் போகிற ஒரு கிளிப்புக்கு இந்தக் கவனம் உண்டு. ஒருவருடைய அடுத்த இருபது வருடப் பிழைப்புக்கு அந்தக் கவனம் வேண்டாமா?

பயிற்றுநர் விஷயத்திலும் இதேதான். பயிற்றுநராக ஒருவர் வர வேண்டுமானால் அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிறது விதி. அது தவறில்லை. ஆனால் முப்பது வருடம் தரையில் உட்கார்ந்து வேலை செய்த மேஸ்திரிக்கு அந்தத் தேர்வு எழுத நேரமும் இல்லை, மொழியும் இல்லை. சான்றிதழ் இருப்பவர் வகுப்பில் பேசட்டும், வேலை தெரிந்தவர் சைட்டில் சொல்லித்தரட்டும், இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுங்கள். எங்கள் மேஸ்திரிக்கு மையம் கொடுத்தது அவருடைய அன்றாடக் கூலியைவிடக் குறைவு, எங்களால் அவருடைய வேலையும் மெதுவானது. இருந்தும் சொல்லித்தந்தார். அந்த நல்ல மனதை நம்பி ஒரு திட்டத்தை நடத்தக் கூடாது.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விட்ரிஃபைட் டைலையும் கிரானைட்டையும் தண்ணீர் இல்லாமல் கிரைண்டரில் வெட்டினால் வருகிற வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. எங்கள் பழைய தொழிற்சாலையில் அரைக்கும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் தூசி உறிஞ்சும் குழாய் உண்டு. சைட்டில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் இல்லாத அறையில் வெட்டுகிறார்கள், பதினெட்டு வயதுப் பையன்கள். வகுப்பில் இதற்கு ஒரு படம் காட்டினார்கள். தண்ணீர் விட்டு வெட்டும் கட்டர் வகுப்பில் இல்லை, சரியான முகக்கவசமும் ஒருவருக்கும் தரவில்லை. பயிற்சியில் பழகாததை ஆள் சைட்டில் கேட்டு வாங்க மாட்டான்.

அப்புறம் வயது. நாற்பதுக்கு மேல் வேலை போனவர்களுக்கு என்று பேசுகிறோம், ஆனால் அரசு ஐடிஐ சேர்க்கையில் ஆண்களுக்கு வரம்பு 40. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சிக்கு 45. வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் முறை 59 வயது வரை இருக்கிறது, அது மேஸ்திரிகளுக்கு நல்லது. 47 வயதில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்ன இருக்கிறது? அவர்தான் தனியார் மையத்தின் நோட்டீஸை நம்பி இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறார்.

பயிற்சிக் காலத்தில் வீட்டுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐயில் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டப்படி வேலை இழந்தவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை கிடைக்கும். அது தெரிந்தவர்கள் எங்களில் மிகக் குறைவு, மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்கள் ஈஎஸ்ஐக்கு வெளியே போய்விட்டதால் அவர்களுக்கு அதுவும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 83-ஆம் பிரிவில், ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை மறுபயிற்சி நிதிக்கு முதலாளி கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்று இருக்கிறது. எங்களை அனுப்பியது அதற்கு முன்னால், அதனால் எனக்கு அது வராது. இனி வெளியே வருகிறவர்களுக்கு வரும். ஆனால் அந்தப் பதினைந்து நாள் பணத்தை எந்த மையத்துக்குக் கொண்டுபோவது என்று தேர்ந்தெடுக்க அவர்கள் கையில் ஒரு தகவலும் இல்லை என்றால் அதுவும் நோட்டீஸ் கொடுக்கிறவர் கைக்குத்தான் போகும்.

ஆகவே நான் கேட்பது இவை.

வெட்டிய களப்பயிற்சியை அடுத்த பேட்ச் தொடங்குவதற்கு முன்னால் திருப்பிக் கொண்டுவாருங்கள். வேலை இழந்தவர்களுக்கான எந்த டைல்ஸ் கோர்ஸிலும் பாதி நேரமாவது உண்மையான கட்டடத்தில், வேலை செய்துகொண்டிருக்கிற மேஸ்திரியின் கீழ் இருக்க வேண்டும் என்பதை அனுமதிக்கான நிபந்தனையாக எழுதுங்கள். அந்த மேஸ்திரிக்கு அவருடைய அன்றாடக் கூலிக்குக் குறையாத தொகையை, பயிற்றுநர் சான்றிதழ் கேட்காமல், திட்டத்திலிருந்தே கொடுங்கள்.

ஒவ்வொரு மையமும் சேர்க்கைக்கு முன்னால் ஒரு தாளில் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்: ஒருவர் எத்தனை சதுர அடி ஒட்டுவார், எதில் ஒட்டுவார், ஒரு கட்டருக்கும் ஒரு பயிற்றுநருக்கும் எத்தனை பேர், எந்த அளவு டைல்கள், போன பேட்ச்சில் முடித்தவர்களில் ஆறு மாதம் கழித்து இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எத்தனை பேர். கட்டணம் வாங்கும் மையத்துக்கும் இது பொருந்த வேண்டும், அங்கே முதல் வாரத்துக்குள் விலகுகிறவருக்குப் பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். மையத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை மணிநேரத்திலிருந்து பிரித்து, பயிற்சியாளர் தனியாக ஒட்டிய ஒரு தரையையும் வாட்டம் விட்ட ஒரு குளியலறையையும் வெளியாள் ஒருவர் தட்டியும் தண்ணீர் ஊற்றியும் பார்த்த பிறகு கொடுங்கள்.

வேலை இழந்ததற்கு ஆதாரம் காட்டுகிறவருக்கு வயது வரம்பை 55 வரை தளர்த்துங்கள். களப்பயிற்சி நாட்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் தொழிலாளர் நலனுக்காக செஸ் என்ற வரி வசூலிக்க 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது, இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது, கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நிதியிலிருந்து செலவு செய்வது நியாயம்தான். கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவுக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் கேட்கிறதே, சைட்டில் செய்த பயிற்சி நாட்களையும் அந்த 90-இல் சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் புதிதாக வந்தவருக்கும் ஒரு பிடிமானம் இருக்கும்.

தண்ணீர் விட்டு வெட்டும் கட்டர், தூசியைத் தடுக்கும் முகக்கவசம், முழங்கால் பட்டை இல்லாத மையத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். பேட்ச்சில் கால்வாசி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். இருபது வருடமாகக் கலவை சுமக்கும் சித்தாள் அக்காக்களுக்கு எங்களைவிட இந்த வேலை தெரியும், கரண்டியை அவர்கள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அவர்களுக்கும் அன்றாடம் போகிற கூலிக்கு ஈடாக உதவித்தொகை இருந்தால்தான் வருவார்கள்.

கடைசியாக ஒன்று. ஆட்குறைப்புக் கடிதம் கொடுக்கிற அன்றைக்கே தொழிலாளர் துறை ஆள் ஒருவர் தொழிற்சாலைக்கு வந்து, ஈஎஸ்ஐ உதவி, மறுபயிற்சி நிதி, எந்த மையத்தில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்ற மூன்றையும் நேரில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் அட்டவணையை அனுப்பிய தம்பி அடுத்த மாதத்துக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். களப்பயிற்சி திரும்ப வருமா வராதா என்ற முடிவை அதற்குள் எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரகடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, இப்போது டைல்ஸ் வேலை செய்யும் ஒரு தொழிலாளி